எண்ணெய் டின்னில் வெட்டிய தகரம்

எங்கள் கடைத்தெருவில் வண்டிச் சாமான் கடைகள் இரண்டு. ஒன்று என்னுடையது. மற்றதில் கவுண்டருக்குப் பின்னால் இருபது வருடம் சம்பளத்துக்கு நின்றவள் வெர்னியர் அக்கா. அளவெடுக்கும் அந்தக் கருவி எப்போதும் கையிலேயே இருக்கும் என்பதால் வந்த பெயர். யார் போய் எந்த பேரிங் கேட்டாலும் முதலில் "பழசைக் காட்டுங்க" என்பாள். அதைத் துடைத்து, அளந்து, பார்த்துவிட்டு ஒரே ஒரு பெட்டியை எடுத்து வைப்பாள். அவள் கொடுத்த சாமான் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. என் கடை வேறு மாதிரி. வந்தவர் சொல்வதற்குக் கிட்டத்தட்ட ஒன்றைக் கொடுப்பேன். மீதியைச் சுத்தியல் பார்த்துக்கொள்ளும். அவள்மேல் எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை என்று சொன்னால் அது பொய்.

அக்காவின் புருஷன் டிராக்டரில் டிரெய்லர் மாட்டிச் செங்கல் ஏற்றுகிறவர். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவள் கடைக்கே போய், தனக்குத் தெரிந்த நம்பரைச் சொல்லி பேரிங் கேட்டிருக்கிறார். "அது இல்லைங்க, உங்க வண்டிக்கு வேற" என்று அக்கா நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டாள். அந்த நாலு பேரும் சிரித்துவிட்டார்கள். அன்றோடு அவர் அந்தக் கடை வாசலை மிதிப்பதில்லை. அவள் சமைத்ததைச் சாப்பிட்டால் மானம் போகாது, அவள் சொன்ன பேரிங்கைப் போட்டால் போய்விடும். என்ன மானமோ.

போன வருடம் டிரெய்லரின் இடது சக்கரம் ஆட ஆரம்பித்தது. பிரேக்கும் சரியாகப் பிடிக்கவில்லை. சூளையிலிருந்து வரும் வழியில் நீளமான இறக்கம், அது முடிகிற இடத்தில் பள்ளிக்கூடம். அவர் நேராக என்னிடம் வந்தார். பழைய பேரிங்கை வீட்டிலேயே போட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தார். கையால் ஒரு வட்டம் காட்டி, "இந்த சைசுப்பா" என்றார். நானும் கொடுத்தேன். பிரேக் ஷூவும் அதே லட்சணத்தில்தான்.

மூன்றாம் நாள் மத்தியானம், ஆளில்லாத நேரம் பார்த்து அக்கா என் கடைக்கு வந்தாள். பையிலிருந்து ஒரு எண்ணெய் டின்னை எடுத்து கவுண்டரில் வைத்தாள். அதன் பக்கவாட்டில் இரண்டு விரல் அகலத்துக்குத் தகரம் நேர்கோடாக வெட்டப்பட்டிருந்தது.

"எங்க சமையல்கட்டு டின். வெட்டி, சக்கரத்து நடுவுல இருக்கிற ஹப்புக்குள்ள சுத்தியிருக்காரு. நீங்க குடுத்த பேரிங் உள்ள நிக்கல."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருக்கலாம்.

"கழட்டிப் போட்ட பழசை, அவரு குளிக்கப் போனப்ப அளந்தேன். அந்த அச்சு அங்குலக் கணக்குல செஞ்சது. நீங்க குடுத்தது மில்லிமீட்டர். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். மாட்டும்போது வழுக்கிக்கிட்டுப் போயிடும், ஆனா உள்ள ஆடும். தகரத்தைச் சுத்தினதும் நல்லா உக்காந்துடுச்சுன்னு அவரும் நம்பிட்டாரு."

பிறகு இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தாள். ஒன்றில் சரியான பேரிங்குகள். இன்னொன்றில் தேய்ந்த பிரேக் டிரம்முக்கு ஏற்ற தடித்த பிரேக் ஷூ.

"நீங்களே மாத்திக் குடுக்கிற மாதிரி குடுங்க. என் பேரு வெளிய வரவேணாம்."

"நீங்களே வீட்ல சொல்லலாமேக்கா?"

"நான் சொன்னா வீம்புக்கு அந்தத் தகரத்தோடயே ஓட்டுவாரு. அந்த இறக்கத்துல பிள்ளைங்க ரோட்டைக் கடக்குதுங்க."

அவள் போனதும் அவருக்குப் போன் போட்டேன். தப்பான சாமான் கொடுத்துவிட்டேன், வந்து மாற்றிக்கொள்ளுங்கள். இவ்வளவுதான் நான் சொல்லியிருக்க வேண்டும். என் நாக்கு சும்மா இருந்தால்தானே.

"அண்ணே, ஹப்புக்குள்ள தகரம் சுத்தியிருக்கீங்க, சரியா?"

"எப்படிப்பா கண்டுபிடிச்ச?"

"கடையைத் தாண்டித்தானே போறீங்க. சத்தத்துலயே தெரிஞ்சுது."

அன்றைக்கே வந்து வாங்கிப்போய் மாட்டினார். சக்கரம் ஆடவில்லை, இறக்கத்தில் பிரேக் பிடித்த இடத்தில் வண்டி நின்றது. அதற்குப் பிறகு அவர் வாய் ஓயவில்லை. சூளையில், டீக்கடையில், பெட்ரோல் பங்கில், "பாக்காமலே சொன்னான்யா, சத்தத்தைக் கேட்டே சொன்னான்" என்று என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார். டிரெய்லர்க்காரர்கள் ஒவ்வொருவராக என் கடைக்குத் திரும்பினார்கள். நான் ஒரு வெர்னியர் வாங்கி, எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டிவைத்தேன். அதில் அளவு பார்க்க எனக்கு இன்னும் சரியாக வராது.

ஒரு வருடத்தில் அக்கா நின்ற கடை காற்றாட ஆரம்பித்தது. இனி வர வேண்டாம் என்று அந்த முதலாளி அவளிடம் சொல்லிவிட்டார்.

அடுத்த வாரம் அவள் புருஷன் அவளை என் கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். கடையில் அப்போது மூன்று நாலு பேர் நின்றிருந்தார்கள்.

"வீட்ல சும்மாதான் இருக்கா. உன்கிட்ட நின்னா தொழிலைக் கொஞ்சமாச்சும் கத்துக்குவா. இருபது வருஷம் அங்க நின்னு என்னத்தைக் கிழிச்சா, சொல்லு."

அக்கா என்னைப் பார்த்தாள். கெஞ்சவும் இல்லை, முறைக்கவும் இல்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்தாள், அவ்வளவுதான். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நின்றிருந்தவர்கள் எல்லாரும் அந்தத் தகரக் கதையைக் கேட்டு என்னிடம் வந்தவர்கள்.

"அதுக்கென்னண்ணே, சொல்லிக் குடுத்துடறேன்" என்றேன்.

அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அக்கா கவுண்டருக்குப் பின்னால் வந்து நின்று, பையிலிருந்து தன்னுடைய வெர்னியரை எடுத்து வைத்தாள். முன்னால் நின்றவர் டிரெய்லருக்கு பேரிங் வேண்டும் என்றார்.

"பழசைக் காட்டுங்க" என்று அவள் கையை நீட்டினாள்.

அவர் அந்தக் கையைத் தாண்டி, பேரிங்கை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன்.