பங்களா மெட்டு

1937-ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த இசைத்தட்டுகளைப் பற்றி நான் நிறையவே படித்திருக்கிறேன். அந்த ஆண்டின் முற்பாதியில் மக்கள் தேடி வாங்கியவை துறைமுகம், மழை, பிரிவு பற்றிய பாட்டுகள். ஜூலையில் சீனாவோடு போர் மூண்ட பிறகு, படை நடக்கும் பாட்டுகள் கடைகளை நிரப்பின. புத்தகங்கள் சொல்வது இது. எனக்கு இதைப் புத்தகம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பத்து வயதில், மலாய் நாட்டில் சிம்பாங் ரெங்கத்துக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், கிராமபோன் பெட்டிக்குச் சாவி கொடுத்துக்கொண்டே அந்த மாற்றத்தை நான் கேட்டிருக்கிறேன். கேட்டதோடு நின்றிருக்கலாம்.

தோட்டம் ஜப்பான்காரர்களுடையது. அப்பா அங்கே ஆபீஸ் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. அம்மாவுக்குத் தையல் தெரியும். தோட்டத்தை நடத்திய ஜப்பான் துரையின் மனைவிக்கு, அதாவது துரைசாணிக்கு, கவுன்களும் திரைச்சீலைகளும் தைத்துக் கொடுப்பார். தைத்ததைப் பங்களாவில் கொண்டுபோய்க் கொடுப்பது ஞாயிற்றுக்கிழமைகளில் என் வேலை. துரைசாணிக்குக் குழந்தை இல்லை. என் இரட்டைச் சடையை அவிழ்த்து மறுபடி பின்னிவிடுவதில் அவருக்கு ஒரு ஆசை. எனக்கு அவருடைய கிராமபோனில். சிங்கப்பூரிலிருந்து இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தட்டுகள் வரும். எல்லாம் மெதுவான பாட்டுகள். அவற்றைக் கேட்கும்போது துரைசாணி ஜன்னல் வழியே ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு கண் கலங்குவார். ரப்பர் மரத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

தீபாவளிக்கு முன்பா பின்பா என்று இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, புது மாதிரியான ஒரு தட்டு வந்தது. ஊதுகுழல்கள், பல ஆண்களின் குரல், அடித்து அடித்து நடக்கும் தாளம். துரைசாணி அதைத் தானாகப் போட்டு நான் பார்த்ததில்லை. துரைதான் போடுவார், எழுந்து நின்றுகொண்டு கேட்பார். எனக்கு அந்தப் பாட்டு முதல் தடவையே பிடித்துப்போனது. மூன்றாம் தடவையில் மெட்டு முழுதும் பாடமாகிவிட்டது.

அதற்குள் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்த சீனர்கள் எல்லோரும் வேலையை விட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் இருந்த வரிசை வீடுகள், அந்த லயன்கள், பூட்டிக் கிடந்தன. ஜப்பான்காரனுக்கும் அவர்கள் நாட்டுக்கும் சண்டை, அதனால் போய்விட்டார்கள் என்று அப்பா சொல்லியிருந்தார். இதை மறைக்காமல் எழுதுகிறேன். எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

டிசம்பர் மாதத்தில் ஒருநாள் சுற்று வட்டாரத்து ஜப்பான்காரர்கள் எல்லாம் பங்களாவில் கூடினார்கள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்கு ஒரு காகிதக் கொடியும், உள்ளே பயற்றம் பூரணம் வைத்த இனிப்பு ஒன்றும் கிடைத்தன. எல்லோரும் புல்வெளியில் நின்று அந்தப் பாட்டைப் பாடினார்கள். வார்த்தை தெரியாத இடங்களில் வாய்க்கு வந்ததைப் போட்டு நானும் உரக்கப் பாடினேன். வேலிக்கு வெளியே, தோட்டத்துப் பாதையில், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு டவுன் மளிகைக் கடைச் சீன முதலாளி, நாங்கள் தவுக்கே என்று கூப்பிடுபவர், நின்றிருந்தார். எங்கள் தமிழ் லயன்களுக்கு அரிசி, உப்பு எல்லாம் அவர்தான் கொண்டுவருவார். தெரிந்த முகமாயிற்றே என்று நான் கொடியை அவரைப் பார்த்து ஆட்டினேன். அவர் கை ஆட்டவில்லை. பாட்டு முடியும்வரை நின்றுவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார்.

இனி மாமாவைப் பற்றி. அம்மாவின் தம்பி. தோட்டத்துப் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட் காயவைக்கும் வேலை. ஆனால் அவர் தன்னை அப்படி நினைத்துக்கொண்டவர் அல்ல. பங்குனி உத்திரத்துக்கு டவுனிலிருந்து முருகன் கோயிலுக்குக் காவடிகள் போகும்போது முன்னால் பாடிப்போகும் கோஷ்டிக்கு அவர்தான் பாட்டு எழுதுவார். அந்தக் காலத்தில் பாட்டு எழுதுவது என்றால் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் ஒரு மெட்டை எடுத்து, அதில் வேலையும் மயிலையும் மலையையும் ஏற்றுவது. நாடகப் பாட்டு, இந்துஸ்தானிப் பாட்டு, வெள்ளைக்காரன் பேண்டு என எதுவும் விலக்கில்லை. அதற்கு முந்தைய உத்திரத்தில் பக்கத்துத் தோட்டத்துக் கோஷ்டி எங்கள் பாட்டின் மெட்டைப் பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டது.

"என்னா மச்சான், போன வருஷ மெட்டுக்குப் புதுச் சட்டை போட்டுக் கூட்டியாந்துட்டீங்களா?" என்று அவர்கள் தலைவர் நடுவீதியில் கேட்டார். மாமா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த வருஷம் ஒருத்தன் காதிலும் விழாத மெட்டு கொண்டுவராவிட்டால் பாடுவதையே விட்டுவிடுவதாகச் சபதம் போட்டார்.

மாசி மாதம் வந்தும் மெட்டு வரவில்லை. ஒரு மாலை மாமா எங்கள் வீட்டு வாசலில் மண்ணெண்ணெய் டின்னைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே அந்தப் பங்களாப் பாட்டை முனகினேன். தட்டுவது நின்றது.

"ஏய் கண்ணு, அது என்னா மெட்டு? எங்க கேட்ட?"

எங்கே கேட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மாமா என்னை அப்படி ஒரு ஆசையோடு அதுவரை பார்த்ததில்லை.

"நானேதான் மாமா பாடுனேன்."

"நெசமா?"

"நெசமா."

உள்ளேயிருந்து அம்மா, "இவளா? இவளுக்கு வாய்ப்பாடே ராகமா வராதேடா" என்றார்.

"அக்கா, நீ சும்மா இரு. முருகன் யாரு வாயில வந்து உக்காருவான்னு உனக்குத் தெரியுமா?"

ஒரே வாரத்தில் பாட்டு தயாராகிவிட்டது. படை நடக்கப் போட்ட தாளம் காவடி ஆடவும் பொருந்தியது. கால்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. லயனில் எல்லோரும் என்னைக் கூப்பிட்டு வைத்துக் கன்னத்தைக் கிள்ளினார்கள். கோஷ்டிக்கு முன்னால் கைத்தாளத்தோடு நான்தான் நடக்கவேண்டும் என்று மாமா சொல்லிவிட்டார். பொய் என்பது ஒருநாள் வேலை என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதை ஒவ்வொரு மாலையும் ஒத்திகை பார்க்க வேண்டியிருந்தது.

அந்த வருஷம் தவுக்கேயும் பால்குடம் எடுத்தார். வழக்கமாக அவர் கடை வாசலில் தேங்காய் உடைத்து, காவடிக்காரர்களுக்குச் சிரப் தண்ணீர் கொடுப்பதோடு சரி. அவருடைய தாயார் சீனாவில் இருந்தார். மாதம் தவறாமல் வரும் கடிதம் நின்றுபோயிருந்தது. அப்பாவிடம் இங்கிலீஷில் தந்தி எழுதிக்கொள்ள இரண்டு தடவை வந்தார். பதில் இல்லை.

"எமாக் சூராட் தாடா லா, அக்கா" என்று அம்மாவிடம் சொன்னார். தன் அம்மாவிடமிருந்து கடிதம் இல்லை என்பதை அந்த மலாய்ச் சொற்களில் அவர் எங்கள் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். "முருகன்கிட்ட கேட்டுப் பாக்கறேன்."

மாமாதான் அவருக்கு விரதம் சொல்லிக்கொடுத்தார். மஞ்சள் வேட்டியும் வாங்கிக்கொடுத்தார்.

உத்திரத்தன்று காலையில் கடைத்தெருவிலிருந்து புறப்பட்டோம். எங்கள் கோஷ்டிக்கு நேர் பின்னால், வெறுங்காலோடு, தலையில் பால்குடத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி தவுக்கே வந்தார். மாமா எடுத்துக்கொடுத்தார். நாங்கள் பாடினோம். பக்கத்துத் தோட்டத்துக் கோஷ்டி தங்கள் பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது. மாமாவின் முகத்தை நான் இப்போதும் பார்க்கிறேன்.

பாட்டின் இரண்டாவது அடி தொடங்கும்போது பின்னால் கூட்டம் முட்டிக்கொண்டது. தவுக்கே நின்றுவிட்டார்.

"என்னா தவுக்கே, கால் சுடுதா?" என்று மாமா ஓடினார்.

"தம்பி, இது யாரு பாட்டு?"

"நம்ம பாட்டு தவுக்கே! அக்கா மக போட்ட மெட்டு. இந்தா, இவதான்!"

குடம் இருந்ததால் அவரால் தலையைக் குனிய முடியவில்லை. கண்ணை மட்டும் தாழ்த்தி என்னைப் பார்த்தார்.

"நீயா, பாப்பா?"

மாமாவின் கை என் தோளில் இருந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா இரண்டு அடி தள்ளி நின்றார்.

"ஆமா" என்றேன். "நானேதான்."

அவர் மாமா பக்கம் கண்ணைத் திருப்பினார். "தம்பி, வேற பாட்டு பாடு லா. தோலோங்." அவர் யாரிடமும் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை.

"இன்னும் ஒரு மைல்தானே தவுக்கே! எப்படி எடுபடுது பாருங்க, சனமே நின்னு கேக்குது" என்றார் மாமா. வெற்றி பெற்ற மனிதருக்கு அதற்கு மேல் காது கேட்காது.

ஒரு மைலும் பாடினோம். நான் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். தவுக்கே அந்தத் தாளத்துக்குக் கால் வைக்காமல் நடக்கப் பார்த்தார். சிறிய அடியாக வைத்தார், பெரிய அடியாக வைத்தார். அந்தத் தாளத்துக்கு அது முடியாது. அப்படி நடக்கவைக்கத்தான் அதைப் போட்டிருந்தார்கள். குடத்திலிருந்து பால் தளும்பிக் கன்னத்தில் வழிந்தது. கோயிலில் பாலைக் கொடுத்து விழுந்து கும்பிட்டார். அன்னதானத்துக்கு உட்காராமல் போய்விட்டார்.

பக்கத்துத் தோட்டத்துத் தலைவர் வெற்றிலைத் தட்டோடு வந்து, "தோத்துட்டோம் மச்சான்" என்றார். மாமா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து உப்பு வாங்கக் கடைக்குப் போனேன். பயந்துகொண்டுதான் போனேன். தவுக்கே உப்பைக் கட்டிக் கொடுத்தார். எப்போதும் போல ஒரு உப்புப் பிளம் பழத்தைக் கையில் வைத்தார். அடுத்த ஆளுக்கு அரிசி நிறுக்கத் திரும்பிக்கொண்டார். எனக்கு மனம் லேசாகிவிட்டது. அவர் என் ரகசியத்தைக் காப்பாற்றிவிட்டார், என்னை அடி வாங்காமல் தப்பவைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு பழத்தைச் சப்பியபடி வீட்டுக்கு வந்தேன். நல்லவர் என்று அவருக்கு மனதுக்குள் சான்றிதழும் கொடுத்தேன்.

மறு வருஷம் அவர் பால்குடம் எடுக்கவில்லை. கடிதம் வரவில்லை என்று தெரியும். முருகன் கண் திறக்கவில்லை போலிருக்கிறது என்றார் மாமா. சாகும்வரை மாமாவுக்கு விஷயம் தெரியாது. நான் சொல்லவில்லை.

அந்த டிசம்பரில் பங்களாப் புல்வெளியில் எதைக் கொண்டாடினோம் என்பதை நான் வளர்ந்த பிறகு பழைய பத்திரிகைக் கட்டுகளில் படித்தேன். சீனாவின் தலைநகரம் ஜப்பான் படையிடம் விழுந்ததை. படித்த அன்றுதான் அந்த ஒரு மைலும் எனக்கு விளங்கியது. என்னைக் காப்பாற்ற அவருக்கு அன்று நேரம் இருக்கவில்லை. தாய்க்காக எடுத்த குடத்தை நடுவழியில் இறக்க முடியாது. இரண்டு பக்கமும் சீனர் கடைகள் இருந்த அந்தத் தெருவில், அது ஜப்பான் பாட்டு என்று வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. சொன்னால் ஊர்வலம் அங்கேயே கைகலப்பில் முடியும், பால் கோயிலுக்குப் போய்ச் சேராது. அதனால் அவர் தன்னால் கேட்கக்கூடிய ஒன்றைக் கேட்டார். வேறு பாட்டு. ஏன் என்று கேட்காமல் அதை மாற்றியிருக்கக்கூடியவள், அந்தத் தெருவில் நான் ஒருத்திதான்.