கண்டக்டர் கையில் கொடுத்த கவர்

1982 ஜூன், ஞாயிறு. காலை ஏழே முக்காலுக்குப் பண்ருட்டியில் வடலூர் பஸ் ஏறினேன். கூரையில் பலாப்பழம் ஏற்றி முடிகிற வரை வண்டி நகரவில்லை. நெய்வேலிக்கு இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல்; டிக்கெட் ஒரு ரூபாய் எண்பது காசு.

கண்டக்டர் கோதண்டம் சிரித்தார். "இன்னா டாக்டர் சார், இன்னிக்கி கவர் இல்லியா? நீங்களே வர்றீங்க?"

பண்ருட்டியில் நான் வேலை பார்க்கும் சிறிய ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. மெஷின் உண்டு; அதன் கோடுகளை உறுதியாகப் படிக்கத் தெரிந்தவர் இல்லை. காகிதத்தைக் கவரில் போட்டு, நெய்வேலியில் இருக்கும் இதய மருத்துவர் ஒருவருக்கு பஸ்ஸில் அனுப்புவோம். பதிலும் பஸ்ஸிலேயே வரும். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். தெருவுக்கு வந்த கடிதங்களையெல்லாம் வாசித்துச் சொன்னவன். இந்தக் கோடுகளில்தான் தடுமாறினேன்.

எட்டேகாலுக்குக் காடாம்புலியூர். சுற்றிலும் முந்திரித் தோப்பு. டீக்குப் பத்து நிமிடம் நிறுத்தினார்கள். கோதண்டம் எனக்கும் ஒன்று வாங்கி நீட்டினார்.

"மூணு வாரத்துக்கு முன்ன வெள்ளிக்கெழம ரொம்ப அவசரம்னு ஒரு கவர் குடுத்தீங்களே. அன்னிக்கி இங்க டீக்குக்கூட நிறுத்தல சார். டிரைவரு இன்னும் என்னைத் திட்டிக்கினு இருக்காரு. அந்த ஆளு நல்லா இருக்காரா?"

"டீ ஆறுது, குடிங்க" என்றேன்.

அந்த ஆள் இதே ஊர்க்காரர். வேலாயுதம், கூலிக்குப் பலா இறக்குகிறவர், நாற்பது வயதிருக்கும். "மரத்துல ஏறிக்கினு இருந்தாருங்க, நெஞ்சைப் புடிச்சிக்கினு இறங்கிட்டாரு" என்று அவர் மனைவி அஞ்சலை திரும்பத் திரும்பச் சொன்னார். பதில் வரட்டும் என்று அவரை எங்கள் ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்திருந்தேன். மூன்று மணி இருபது நிமிடம் கழித்து வந்தது. 'மாரடைப்பு. காத்திருக்காமல் கடலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு.' வேலாயுதத்தின் உயிர் அதற்கு அரைமணி முன்பே போய்விட்டது.

ஒன்பது மணிக்கு நெய்வேலி ஆர்ச் கேட்டில் இறங்கி டவுன் பஸ் மாறினேன். கோடு போட்டது போன்ற சாலைகள், ஒரே அச்சில் வார்த்த குவார்ட்டர்ஸ், தூரத்தில் அனல்மின் நிலையப் புகை. டாக்டர்கள் கூட்டம் நடக்கும் இடத்தைக் கேட்டதற்குப் பக்கத்து இருக்கை அம்மாள், "பிளாக் நம்பரைச் சொல்லுங்க தம்பி, இங்க பேரைச் சொன்னா எந்த எடமும் தெரியாது" என்றார்.

பத்து மணிக்கு வட்டார இதய மருத்துவர் சங்கக் கூட்டம். பதினான்கு பேர் வந்திருந்தார்கள். ஐந்து நிமிடம் பேச எனக்கு அனுமதி. வேலாயுதத்தின் இ.சி.ஜி.யைப் பேர் சொல்லாமல் சுற்றுக்கு விட்டேன். பத்து வினாடிகூட ஆகவில்லை.

"இதைப் பள்ளிக்கூடத்துப் பையன்கூடப் படிப்பானேய்யா!" என்றார் ஒருவர். சிரிப்பு எழுந்தது.

சிரிக்காதவர் ஒருவர்தான். திருநெல்வேலிப் பக்கத்தில் பிறந்த மூத்த டாக்டர். என் கவர்களைப் படிப்பவர். காகிதத்தின் பின்பக்கம் இருந்தது அவர் கையெழுத்து.

"ஏம்ப்பா, எங்க வீட்ல போன் இருக்குல்லா? உங்க ஆஸ்பத்திரிலயும் இருக்கு. ஏன் அடிக்கல?"

"பெரியவங்கள காலங்காத்தால போன்ல கூப்பிடறது மரியாதையில்லன்னு நெனச்சேன் சார். எப்பவும் கவர்தானேன்னு..."

நான் கொண்டுவந்த விண்ணப்பத்தைப் படித்தேன். கிழமைக்கு ஓர் உறுப்பினர் பெயர் கொடுக்க வேண்டும். சுற்றுவட்டாரச் சின்ன ஆஸ்பத்திரிகள் அவரை எந்நேரமும் தயங்காமல் போனில் கூப்பிடலாம். அவ்வளவுதான்.

"அஜீரணத்துக்கெல்லாம் எழுப்புவான்யா" என்றார் முதலில் சிரித்தவர்.

"எழுப்பட்டும்" என்று மூத்த டாக்டர் பேனாவைத் திறந்தார். ஞாயிறு, திங்கள் இரண்டுக்கும் தன் பெயரை எழுதிக் காகிதத்தை நகர்த்தினார். அது மேசையைச் சுற்றி என்னிடம் வந்தபோது ஆறு கிழமைகள் நிரம்பியிருந்தன. வெள்ளிக்கிழமை மட்டும் காலி. அன்றைக்கு நிறையப் பேருக்கு வெளியூர் கிளினிக்காம்.

"அடுத்த கூட்டத்துல பார்ப்போம்" என்றார் தலைவர். சாப்பாட்டுக்கு எழுந்துவிட்டார்கள்.

ஒன்றரை மணிக்குத் திரும்பும் பஸ்ஸும் கோதண்டத்தினுடையதுதான். காடாம்புலியூரில் வண்டி நின்றது. இறங்கி அவர் அருகே போனேன்.

"நீங்க கேட்டீங்களே, அவர் எறந்துட்டார். கவர் திரும்பி வர்றதுக்கு முன்னாடியே."

டீ கிளாஸைக் கீழே வைத்தார். "எங்களால லேட் ஆயிடுச்சா சார்?"

"இல்ல. என்னால."

அவர் தோப்பைப் பார்த்தபடி நின்றார். "இனிமே கவர் வராதா?"

"ஆறு நாளைக்குப் போன்ல கேட்டுக்கலாம். வெள்ளிக்கிழமைக்கு ஆள் கெடைக்கல. அன்னிக்கும் ஒவ்வொருத்தருக்கா போன்ல நம்பர் சுத்திப் பார்ப்பேன். யாரும் எடுக்கலன்னா கவர்தான்."

கோதண்டம் டிரைவர் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, இனிமே வெள்ளிக்கெழமைல இங்க டீ கெடையாது."

டிரைவர் மிச்ச டீயைத் தரையில் ஊற்றிவிட்டு ஏறி வண்டியைக் கிளப்பினார்.