இருநூறு கட்டுரை எழுதிய சுலாஸ்திரி

ஜாவாத் தீவின் புர்வோகெர்த்தோ நகரில் தான் வேலை பார்க்கும் தனியார் பல்கலைக்கழக வாசலில் தன் முகம் ஆளுயரத் தட்டியில் தொங்குவதைப் பார்த்ததும் சுலாஸ்திரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டிவிட்டுப் படித்தாள். உலகின் தலைசிறந்த ஆராய்ச்சியாளர்களில் ஒருவராம். அவளால்தான் பல்கலைக்கழகம் உலகத் தரவரிசையில் எகிறியதாம்.

ஆடு வளர்ப்பவரின் மகள் அவள். வறட்சியில் தழை கிடைக்காமல் வீட்டு ஆடுகள் மெலிந்து சாவதைப் பார்த்து வளர்ந்தவள். மரவள்ளித் தழையைப் புளிக்கவைத்துத் தீவனம் ஆக்குவதைப் பற்றி ஏழே ஏழு கட்டுரை எழுதியிருக்கிறாள். கல்யாணத்தைக்கூடத் தள்ளிப்போட்டுவிட்டு எழுதியவை. சொத்தென்று சொல்லிக்கொள்ள அவளுக்கு அவைதான் இருந்தன.

அறைக்கு ஓடிக் கணினியில் தன் பெயரைத் தேடினாள். இருநூற்றுச் சொச்சம் கட்டுரைகள்! இதய அறுவை, சிமென்ட், நிலநடுக்கம். ஜாவாவில் எத்தனையோ பேருக்கு ஒற்றைப் பெயர்தான். குடும்பப் பெயரெல்லாம் கிடையாது. கட்டுரைகளை எண்ணுகிற வெளிநாட்டு நிறுவனம் நாட்டிலுள்ள சுலாஸ்திரிகளை எல்லாம் ஒரே ஆளாக்கி இவள் தலையில் கட்டிவிட்டது.

தரவரிசைப் பிரிவின் தலைவர் தர்சோனோ கூட்ட அறையில் தரவரிசை உயர்ந்ததைக் கொண்டாடும் விருந்துக்கு மஞ்சள் சோற்றுக் கோபுரத்தை வெட்டிக்கொண்டிருந்தார்.

"பாக், அந்த இதய டாக்டர் நான் இல்ல. எனக்கு ஆட்டை விட்டா வேற ஒண்ணும் தெரியாது."

"தெரியும், இபு. முதல்ல சாப்பிடுங்க," என்றார் அவர். அங்கே மரியாதைக்கு ஆண்களை பாக் என்றும் பெண்களை இபு என்றும் அழைப்பார்கள்.

"தெரியுமா?"

"போன மாசமே தெரியும். முந்நூறு இடம் மேல வந்திருக்கோம். தானா வந்ததை ஏன் தட்டிவிடணும்?"

படித்த மனுஷன் பேசுகிற பேச்சா இது? தட்டைத் தொடாமல் வந்தவள், அன்றே அந்த வெளிநாட்டு நிறுவனத்துக்கு எழுதிப்போட்டாள்: அடுத்தவர்களுடையதை அவரவர்க்கே கொடுத்துவிடுங்கள்.

கொடுத்தார்கள். தட்டி இறங்கியது, பல்கலைக்கழகமும் சறுக்கியது. "நேர்மை வர்றாங்க, வழி விடுங்கப்பா," என்று உணவகத்தில் கேலி பேசினார்கள். அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள்.

ஆனால் ஒருநாள் அந்த நிறுவனத்தின் தளத்தில் தன் பக்கத்தைத் திறந்தாள். அங்கே ஒன்றுமே இல்லை. பிரித்த கையோடு அவளுடைய ஏழு கட்டுரைகளையும் பண்டுங் நகரில் சிமென்ட் ஆராய்கிற சுலாஸ்திரிக்குக் கொடுத்துவிட்டார்கள், பாவிகள். முறையிட்டதற்கு, பல்கலைக்கழகம் எழுதித் தந்தால்தான் மாற்றுவோம் என்று பதில் வந்தது.

எழுதித் தரவேண்டியவர் தர்சோனோ; அவரிடமே போய் நின்றாள். அவர் சுடச்சுட மெந்தோவான் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்.

"ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்க, பாக். அது என் உழைப்பு."

"உங்க பேர்ல இருக்கிறது உங்களோடது இல்லன்னு எழுதினது நீங்கதானே, இபு? இப்ப இது மட்டும் உங்களோடதுன்னு நான் எதை வச்சு எழுதறது?"

தர்சோனோ எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னார்.