போன்சு கேட்காமல் வைத்த குரல்

குமாசி நகரில் போன்சுவின் ரிப்பேர் கடைக்குக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் ரிப்பேரோடு நாலு திட்டும் வாங்கிக்கொண்டுதான் திரும்புவார்கள். புது மடிக்கணினி வாங்கப் போகிறேன் என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் போதும், மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

"பழசுக்கு என்ன கேடு? உள்ள ஒரு எஸ்எஸ்டி போட்டுக் குடுக்கிறேன், பறக்கும். கரண்ட் எப்போ போகும்னே தெரியாத ஊர்ல பேட்டரி இல்லாம அப்டேட் போடுவியா நீ? இதென்ன, பாஸ்வேர்டா பிள்ளை பேரு? உன் பிள்ளை பேரு தெருவுக்கே தெரியுமே!"

சொல்வதெல்லாம் சரியாகவே இருக்கும். அதனால்தான் ஊர் பொறுத்துக்கொண்டது. போன் நிறைந்துவிட்டது என்று வருகிறவர்களுக்கு அவரிடம் ஒரே வைத்தியம். சர்ச் ஜெபம், சாவு போஸ்டர், காலை வணக்கம் எல்லாவற்றையும் எதற்குச் சுமக்க வேண்டும்? வாட்ஸ்அப்பில் வருவது ஏழு நாளில் தானாக மறைந்துபோகும்படி வைத்துக் கொடுத்துவிடுவார். "பேச்சுன்னா பேசி முடிச்சதும் போயிடணும். அதைப் போய்ப் பூட்டி வைப்பாங்களா?"

அவர் மனைவி ஆந்த்விவா கெஜெட்டியா சந்தையில் துணி விற்றாள். துணியை அளக்கும் கைக்கு எழுத்துத் தட்ட நேரம் ஏது? எல்லாம் வாய்ஸ்தான். மீன் விலையில் ஆரம்பித்து, பக்கத்துக் கடைக்காரியோடு போட்ட சண்டையைச் சொல்லி, நடுவில் வாடிக்கையாளரை அதட்டி, வரும்போது ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கென்கே சோள உருண்டை வாங்கி வரச் சொல்லி முடிப்பாள். அவளோடு பேசும் வாட்ஸ்அப் பக்கத்திலும் போன்சு அதே ஏழு நாள் ஏற்பாட்டைச் செய்துவிட்டார்.

"உன் வாய்க்கு என் போன் தாங்காது, தாயே."

"ஆமா, நான் பேசினா குப்பை. கட்டிலுக்கு அடியில செத்த மதர்போர்டு பத்து கிடக்கே, அது தங்கமாக்கும்!" என்று அவள் சிரித்தாள்.

அந்தச் சனிக்கிழமை காலையிலும் ஒரு வாய்ஸ் வந்தது. கடையில் ஒரு வாத்தியாரைப் பிடித்து வைத்துக்கொண்டு, திருட்டு மென்பொருளால் வரும் வைரஸ் பற்றிப் போன்சு பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்தார். பிரசங்கம் முடிவதற்குள் சந்தையிலிருந்து ஆள் ஓடி வந்தது. ஆந்த்விவா துணிக்கட்டின் மேலேயே சாய்ந்துவிட்டாளாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த வாரம் முழுக்க உறவுக்காரர்கள் அவரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். இரங்கல் போஸ்டரைப் போன்சுவை விட்டால் யார் செய்வது? மனைவியின் படத்தைப் பெரிதாக்கி, முன்பல் இடைவெளியைக்கூட மறைக்காமல் அப்படியே விட்டு, எழுத்துகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்தார். கைக்கு வேலை இருந்ததால் அழாமல் இருக்க முடிந்தது. வாய்ஸை மட்டும் தொடவில்லை. கேட்டுவிட்டால் அதுதான் கடைசி. கேட்காதவரைக்கும் அவள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்துக்கொண்டே இருக்கிறாள். பாவம், அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் மனிதர் அந்த வாரத்தைக் கடந்தார்.

அடுத்த சனிக்கிழமை விடிந்ததுமே கறுப்பும் சிவப்புமாகத் துக்கத் துணி உடுத்தி உறவெல்லாம் கூடியது. அந்த ஊர் வழக்கப்படி உடல் இன்னும் பிணவறையில்தான் இருந்தது; அடக்கத்துக்கு இனிமேல்தான் நாள் குறிக்க வேண்டும். மகள் மன்சா அவரைத் தனியே இழுத்தாள்.

"அப்பா, அம்மா வாய்ஸைப் போடுங்கப்பா. ஒரே ஒரு தடவை."

அவர் போனைத் திறந்து காட்டினார். வாய்ஸ் அங்கேயேதான் இருந்தது.

"பாரு, இருக்கா. கூட்டம் போகட்டும்மா. நாம ரெண்டு பேரும் கதவைச் சாத்திக்கிட்டு ஆசை தீரக் கேப்போம்."

பந்தலில் மாமன்மார்கள் தேதிக்காக மல்லுக்கட்டினார்கள். போன்சு சட்டைப்பையை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார். கடைசி ஆள் கிளம்பியதும் அப்பாவும் மகளும் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்கள். அவர் போனைத் திறந்தார்.

வாய்ஸ் இல்லை.

"எங்கப்பா?"

அவர் ஆந்த்விவாவின் போனை எடுத்துப் பார்த்தார். அதிலும் இல்லை. ஒரு பக்கம் வைத்தால் இரண்டு பக்கமும் அழிந்துவிடும் என்று ஊருக்கே சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். நெருப்பில் கருகிய டிஸ்கிலிருந்துகூட யார் யாருடைய கல்யாணப் படங்களையோ மீட்டுக் கொடுத்த கை, இப்போது அந்தப் போனை மன்சாவின் மடியில் போட்டுவிட்டது. அந்த ஏற்பாடு அவருக்குத் தெரியாததா? செத்துப்போன பெண்டாட்டியின் குரலுக்கும் அது பொருந்தும் என்று மட்டும் அவர் மனம் நினைக்கவே இல்லை.

"நீங்க ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

"இல்லம்மா."

"அப்போ அம்மா என்ன சொன்னாங்கன்னு யாருக்குமே தெரியாதா?"

போன்சு முகத்தைப் பொத்திக்கொண்டு, குழந்தை போல வாய்விட்டு அழுதார். திரையில் ஒரே ஒரு வரி மிச்சமிருந்தது. இங்கே அனுப்பும் செய்திகள் ஏழு நாளில் மறையும்படி நீங்கள் வைத்திருக்கிறீர்கள் என்று அது சொன்னது.

அழுகை ஓய்ந்ததும் அவர் தன் போனில் வாய்ஸ் அனுப்பும் மைக் பொத்தானை அழுத்திப் பிடித்தார்.

"ஆந்த்விவா, என்னடி சொன்னே?"

விரலை எடுத்தார். மன்சாவின் மடியில் கிடந்த அம்மாவின் போன் டிங் என்றது.