கல்லல் திருநீறு

“…புதுசா செஞ்ச சாம்பிள் எதுலயும் ஒன்னும் இல்லண்ணே. போன வருசம் சரஸ்வதி பூசை வாரத்துல அளந்தோமே, அந்த ஒன்னுலதான் காந்தம் காட்டுது. அலமாக், என்னா கூத்து லா இது?”

ஜொகூரில் நான் கருவி பார்த்துக்கொள்ளும் பல்கலைக்கழக ஆய்வகத்தில், பேராசிரியர் டாக்டர் பிலோமினா நேற்று முற்பகல் இப்படிக் கேட்டார். பதில் எனக்குத் தெரியும். ஆறு மாதமாகவே தெரியும்.

இங்கே வாயிற்காவலர் தினமும் என் நெற்றியைப் பார்த்து, “பெடாக் செஜுக்கா?” என்பார். வெயிலுக்கு முகத்தில் பூசும் அரிசி மாவா என்று கேட்கிறார். திருநீறு என்று விளக்க எனக்கு மலாய் போதாது. ஆமாம் என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன். அந்தத் திருநீறு எங்கள் ஊர் கல்லலிலிருந்து அக்கா அனுப்புவது. சட்டைப் பையில் பொட்டலமாக எப்போதும் இருக்கும்.

ஊரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் பல வருடம் எடுபிடியாக இருந்தேன். “லேப்பு, இங்க வா” என்பார்கள். பெயர் கேட்டவர் இல்லை. சரஸ்வதி பூசையன்று மட்டும் நான்தான் அங்கே ராஜா. தராசு முதல் லென்சு வரை எல்லாவற்றுக்கும் திருநீற்றுப் பட்டை போடுவது என் வேலை. படித்துப் பட்டம் வாங்காதவன். கேட்டும் பார்த்தும் கற்றுக்கொண்டவன். காஹாங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவரின் மகளான இந்த டாக்டரோ முதல் நாளே அண்ணே என்றார். நாற்காலியைவிட்டு எழுந்துகொண்டேன். “உக்காருங்கண்ணே, நான் என்ன இன்ஸ்பெக்டரா?” என்று சிரித்தார்.

இருபது வருடமாக அவருக்கு ஒரே தேடல். “ஒவ்வொரு எலக்ட்ரானும் ஒரு குட்டிக் காந்தம்ணே. அதோட ஸ்பின் எல்லாம் ஸ்கூல் அசெம்பிளி மாதிரி ஒரே பக்கம் பாத்து நிக்கணும். நம்ம பசங்க கேன்டீன் பக்கமே பாக்கறாங்க லா!” இரும்பு கலக்காத ஒரு பொருளில், குளிரூட்டாமல், அந்த வரிசையை நிற்க வைக்க வேண்டும். துளி இரும்பு பட்டாலும் அளவு பொய்யாகிவிடும் என்பதால் இடுக்கிகூட பிளாஸ்டிக்தான். மாணவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பவனே நான்.

போன வருடம் பூசையன்று, இங்கே யாரும் பார்க்காதபோது, சாம்பிளை மாட்டும் கம்பியின் நுனியில் திருநீறு தொட்டு வைத்தேன். துடைத்தேன். துடைத்த கையாலேயே சாம்பிளையும் மாட்டினேன். அந்த வாரம் காந்தம் வந்தது. டாக்டர் கேக் வாங்கி வந்தார், வெளிநாட்டுக் கூட்டத்தில் பேசினார், கட்டுரை எழுதினார். கடைசியில் நன்றி சொன்ன இடத்தில் என் பெயரையும் போட்டார். திருத்தம் பார்க்க வந்த பிரதியின் அந்தப் பக்கத்தை அக்கா கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறாள். அச்செழுத்தில் என் பெயரைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதை இழக்க மனமில்லாமல் வாயை மூடிக்கொண்டேன்.

“டாக்டர், அது என் விரல்” என்றேன் நேற்று. எல்லாவற்றையும் சொன்னேன்.

“திருநீறுல எங்கண்ணே இரும்பு?”

“மண்ணுல கிடந்த சாணம். சுடும்போது மண்ணுல உள்ள இரும்பு காந்தமாயிடுதாம். உங்க அலமாரிப் புத்தகத்துலதான் படிச்சேன்.”

“எப்போ படிச்சீங்க?”

விரலைப் பற்றிச் சொல்ல வந்த வாய்க்கு இதைச் சொல்ல எளிதில் வரவில்லை. “ஆறு மாசம் ஆச்சு” என்றேன், தரையைப் பார்த்து.



“கட்டுரை அடுத்த மாசம் அச்சுக்குப் போவுதுண்ணே. நிறுத்தச் சொல்லி நான்தான் எழுதணும்” என்றார் டாக்டர். “அந்தப் பொட்டலத்தக் குடுங்க.”

கொடுத்தேன். கையுறை மாட்டிக்கொண்டு, ஒரு சிட்டிகை எடுத்து வெற்றுக் குப்பியில் போட்டார். எந்த ஊர் என்று கேட்டு, ஒட்டுச்சீட்டில் ‘கல்லல்’ என்று தமிழிலேயே எழுதினார். ஜொகூரில் நாங்கள் செய்து, அளக்க வைத்திருந்த சாம்பிள்களின் வரிசையில், இரண்டுக்கு நடுவே அதை நிறுத்தினார். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், பிளாஸ்டிக் இடுக்கியை என் பக்கம் நகர்த்தினார்.