‘ரிக் அதிபர்’ மகளுக்கு உதவித்தொகை

சொல்லவே கூசுகிறது. நான் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் குழாய் மாட்டுகிற கூலியாள். போன மாரியம்மன் நோம்பிக்கு ஊர் முகப்பில் பேனர் வைத்தபோது, என் படத்துக்குக் கீழே ‘ரிக் அதிபர்’ என்று போடச் சொன்னேன். எங்கள் பக்கம் வண்டி துடைக்கிறவன்கூட அப்படிப் போட்டுக்கொள்வான். எனக்கென்ன குறைச்சல் என்ற நினைப்பு. கறுப்புக் கண்ணாடி, மாவு பூசியதுபோல வெளுத்த முகம், பின்னால் முதலாளியின் வண்டி.

நோம்பி முடிந்தது. மகள் கவிதாவுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. உதவித்தொகை வந்தால்தான் சேர முடியும். அதற்கு வருமானச் சான்று வேண்டும். விசாரணைக்கு வந்த வி.ஏ.ஓ. அந்தப் பேனருக்கு அடியிலேயே வண்டியை நிறுத்தினார்.

“ஏனுங்க, அதிபருக்கு எதுக்குங்க உதவித்தொகை?”

“அது சும்மா பந்தாவுக்குப் போட்டதுங்க சார். நான் கூலிங்க.”

“சான்று வேணும்னா எல்லாரும் கூலிதான். உங்க மொதலாளிய நேர்ல வந்து சொல்லச் சொல்லுங்க.”

மனு அப்படியே நின்றது. முதலாளியிடம் எந்த மூஞ்சியோடு போவது? அவர் வண்டியைத்தான் என்னுடையதென்று ஊருக்கே காட்டியிருந்தேனே. வேலையும் போய்விடும்.

இ-சேவை மைய வாசலில் ஒரு தரகன் காதோரம் குனிந்தான். “கொஞ்சம் செலவு பண்ணுனீங்கன்னா சான்று ஊட்டுக்கே வந்துருமுங்க.” சீ என்று ஆகிவிட்டது. ஆனால் அவனைவிடக் கேவலமானவன் பேனரில் இளித்துக்கொண்டிருந்தான். அந்த மூஞ்சியில் காக்கை எச்சம் வழிந்திருந்தது. வீட்டில் கவிதா சோற்றைத் தொடவில்லை. விண்ணப்பக் கெடு நெருங்கிவிட்டது.

மத்தியானம் அம்மன் கோயிலுக்குப் போனேன். யாரும் இல்லையென்று வாய்விட்டே அழுதேன்.

“தாயே, இந்தப் பொய்யனுக்கு ஒண்ணும் செய்யாத. எம்புள்ள என்ன பண்ணுச்சு? உண்மையச் சொல்ல ஒரு வாயக் குடு!”

“ஏப்பா, அது உனக்கே இருக்குதல்லோ?”

திரும்பினால் முதலாளி. புதுக் கிணறு போடப் போகுமுன் எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிட வந்திருந்தார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

“பேனர நானும் பாத்தேன். எவ்வளவு தூரம் போறயின்னு பாக்கலாம்னு உட்டுட்டேன். ஏறு வண்டில.”

வி.ஏ.ஓ. முன்னால் நின்று சொன்னார்: “எங்கிட்டக் கூலிக்கு இருக்கறவன்தானுங்க. கிறுக்கன். ஆனா கூலிங்க.”

மனு நகர்ந்தது. கெடு முடிகிற அன்று சான்று கைக்கு வந்தது. விண்ணப்பமும் போய்ச் சேர்ந்தது. இன்று கவிதா கல்லூரியில் படிக்கிறாள். பேனரை அன்றே என் கையால் கிழித்தேன். இந்த நோம்பிக்கு என் பெயரே வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

உங்களுக்கும் வழி அடைபட்டால் அம்மனிடம் போங்கள். உள்ளதை உள்ளபடி, கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள். கேட்க வேண்டியவரை அவள் உங்கள் பின்னால் கொண்டுவந்து நிறுத்துவாள்.

இதைக் கோயிலில் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்திருந்த கவிதா குறுக்கே பேசினாள்:

“ஏனுங்கப்பா, அம்மன் எரங்குனது எனக்காக. உங்க மூஞ்சியப் பாத்திருந்தா கதவச் சாத்தியிருப்பா.”