சாப்பாட்டு மேசையில் தமிழ் மட்டும்

எத்தனை வேற்றுச் சொற்கள் புகுந்தபின் ஒரு மொழி நம்முடையது இல்லாமல் போகும்? எனக்கு இன்னும் பதில் தெரியாது.

நாங்கள் நோர்வேயில், புருசெத் என்ற இடத்தில் ஒரு மாடிக்குடியிருப்பில் வசிக்கிறோம். மகளுக்கு நான்கு வயது. பாலர் பள்ளிக்குப் போகத் தொடங்கியதிலிருந்து தினமும் ஒரு நோர்வேஜியச் சொல்லோடு வீடு வந்தாள். நாளைக்கு என்னோடு தமிழில் பேசவே மாட்டாளோ என்று பயந்து ஒரு சட்டம் போட்டேன்: சாப்பாட்டு மேசையில் தமிழ் மட்டும்.

"அம்மா, இண்டைக்குப் பனியிலை ஆள் செய்தனாங்கள். பிறகு அது ஸ்மெல்தெ பண்ணிட்டுது!"

"உருகிட்டுது. திருப்பிச் சொல்லுங்கோ."

"உருகிட்டுது."

அதோடு கதை நின்றுவிட்டது. மிச்சத்தைக் கேட்டேன்; கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேசை எண்டதே போர்த்துக்கீசச் சொல்தானப்பா. முதல்லை நீர் எழும்பி நிலத்திலை இருந்து சாப்பிடும்," என்றார் கணவர். நானும் சிரித்தேன். ஆனால் சட்டத்தை எடுக்கத் துணியவில்லை.

எதிர்வீட்டுப் பெண் பிலிப்பைன்ஸைச் சேர்ந்தவர். நாங்கள் இருவரும் நோர்வேஜிய மொழியில்தான் பேசிக்கொள்வோம். ஒரு சனிக்கிழமை அவர் வீட்டில் கோப்பி குடிக்கையில், ஊரிலிருக்கும் தங்கையோடு அவர் தொலைபேசியில் பேசுவது கேட்டது. மேசா, சப்பாத்தோஸ். நம்முடைய மேசை, காலில் போடும் சப்பாத்து! வியந்து கேட்டேன்.

"ஸ்பெயின்காரர் விட்டுப்போனவை," என்று சிரித்தார். "மணி சொல்வதும் அவர்களுடைய எண்ணில்தான். பிறகு அமெரிக்கர் வந்தார்கள், பள்ளிக்கூடம் ஆங்கிலமாயிற்று. ஆனால் காலைச் சாப்பாட்டுக்கான ஸ்பானியச் சொல்லின் முன்னால் எங்கள் மொழியின் ஒரு துண்டை ஒட்டினால் 'காலையில் சாப்பிட்டேன்' என்றாகிவிடும். சொல்தான் அவர்களுடையது. வாக்கியம் எங்களுடையது."

என் மகளின் 'ஸ்மெல்தெ பண்ணிட்டுது'வும் அப்படித்தானே என்று நினைத்தபோது, பல நாட்களுக்குப் பிறகு மூச்சு இலகுவாக வந்தது.

அப்போது அவருடைய பதின்வயது மகள் சமையலறைக்குள் வந்தாள். தாய் தன் மொழியில் ஏதோ கேட்டார். அவள் நோர்வேஜிய மொழியில் பதில் சொல்லி, ஒரு துண்டு பாணை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள்.

மகள் போன பக்கமே அவர் பார்த்தார். பிறகு சொன்னார்: "சின்ன வயதில் இவளும் கலந்துதான் பேசினாள். நான் விடாமல் திருத்தினேன். ஒருநாள் கலப்பது நின்றது. திருத்தியது பலித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். பார்த்தால், என் மொழியையே விட்டிருந்தாள்."

அன்று இரவுச் சாப்பாட்டில் மகளிடம் கேட்டேன். "இண்டைக்கு அப்பாவோடை என்ன விளையாடினனீங்கள்?"

"ஒண்டுமில்லை."

சுத்தமான தமிழ். ஒரு நோர்வேஜியச் சொல்கூட இல்லை.

சட்டத்தை எடுத்தால் வீடு முழுக்க நோர்வேஜியமாகிவிடுமோ என்று பயம். வைத்திருந்தால் இந்த 'ஒண்டுமில்லை'தான் மிஞ்சுமோ என்று அதைவிடப் பயம். வெளிநாட்டில் பிள்ளை வளர்த்தவர்களே, நீங்கள் திருத்தினீர்களா, விட்டுவிட்டீர்களா? உங்கள் பிள்ளை இன்று உங்களோடு எந்த மொழியில் பேசுகிறது? தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.